புயலுக்கு டைம் அவுட் கொடுத்த மாஸ்டர்

எங்க தூத்துக்குடியில புளுகுறவங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா புளுகிட்டு, அதை நம்பாதவங்க மேல உண்மையாவே கோவிச்சுக்கிட்டு வாரக்கணக்கா முகம் குடுக்காம திரியிற ஆள் ஒருத்தர்தான். லாசர் கோமஸ். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துல ஐஸ் கம்பெனி வச்சிருக்கார். அதை விடப் பெரிசா அவர் நினைக்கிற பதவி, ‘முத்துநகர் சுறாக்கள்’ கூடைப்பந்து டீமோட ரசிகர் மன்றத் தலைவர் பதவி. நான் மன்றத்துக்குச் செயலாளர். செயலாளர்னா நாற்காலி எடுத்துப் போடுறது, பேனர் கட்டுறது, லாசர் அண்ணன் பேச ஆரம்பிச்சா மைக்கைப் பிடுங்குறது. இந்த மூணாவது வேலையில நான் இதுவரைக்கும் ஜெயிச்சதில்லை.

விஷயம் என்னன்னா, சுறா டீமை மெட்ராஸ்ல ஒரு கம்பெனி வாங்கிருச்சு. வாங்கின சூட்டோட, அருமைநாயகம் மாஸ்டரை எடுத்துட்டு வெளியூர்ல இருந்து புதுக் கோச் ஒருத்தரைப் போடப் போறாங்கன்னு பேச்சு வந்தது. டீம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து மாஸ்டர்தான் பயிற்சியாளர். லீக்ல ஆடுற பையன்கள்ல பாதிப் பேர் அவர் கையில பந்து பிடிக்கப் பழகினவங்க. அதிகம் பேச மாட்டார். பொய் அவருக்கு வரவே வராது. நம்ம பையன் ஃபவுல் பண்ணினா, ரெஃப்ரி விசில் ஊதுறதுக்கு முன்னாடி மாஸ்டர் கையைத் தூக்கிருவார். அப்படி ஒரு ஆள். ஒரே ஒரு குறை. இத்தனை வருஷத்துல ஒரு கப்கூட ஜெயிச்சதில்லை.

ரசிகர்கள் என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டுட்டு வரச் சொல்லி கம்பெனி தயானந்த்ங்கிற ஒரு சாரை அனுப்பி வச்சது. வயசு முப்பதுக்குள்ளதான் இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, மடியில லேப்டாப். கிரவுண்டுக்குப் பின்னால இருக்கிற தகரக் கொட்டகையில கூட்டம் போட்டோம். மத்தியான வெயில். ஃபேன் சுத்துறது அதுக்கே தெரியாத மாதிரி சுத்திக்கிட்டு இருந்தது. முன்வரிசையில ராஜபுஷ்பம் டீச்சர் உக்காந்திருந்தாங்க. ரிட்டயர்டு கணக்கு டீச்சர். ஒரு மேட்ச் விடாம வந்து, ஸ்கோர் போர்டுல நம்பரைத் திருப்பிப் போடுறது அவங்கதான். லாசர் அண்ணனுக்கே எட்டாங்கிளாஸ்ல கணக்கு எடுத்தவங்க. அவங்களுக்குப் பின்னால தவில் அடிக்கிற இசக்கிராஜா. ஹார்பர்ல வெல்டர். மேட்ச் நடக்கும்போது தவிலைப் போட்டு அடிச்சு நொறுக்குவான். மத்த நேரத்துல லாசர் அண்ணனை.

தயானந்த் சார் மரியாதையாத்தான் ஆரம்பிச்சார். “நான் ஓப்பனாவே சொல்றேங்க. கம்பெனிக்கு ரிசல்ட் வேணும். அருமைநாயகம் சார் நல்லவர், சரி. ஆனா அவர் என்ன சாதிச்சிருக்கார்? அதை நீங்க சொன்னா நான் ஓனர்கிட்டப் பேசுறேன். சாயங்காலம் முடிவு சொல்லணும்.”

லாசர் அண்ணன் எந்திரிச்சு வேட்டியை இறுக்கிக் கட்டினார். நான் மைக்கைப் பிடிச்சேன். அவர் மைக்கை விட்டுட்டு வாயாலயே பேச ஆரம்பிச்சுட்டார்.

“சாதனையா? சார், மொதல்ல மாஸ்டரோட விசிலப் பத்திச் சொல்லுதேன். ஒரு நாள் சாயங்காலம் பிராக்டீஸு. ஒரு பையன் பந்தத் தட்டாம கையில வச்சிக்கிட்டு ரெண்டு எட்டுக் கூட நடந்துட்டான். டிராவலிங்! மாஸ்டர் விசில எடுத்து ஒரு ஊது ஊதினாவ பாத்துக்கிடுங்க. பையன் நின்னுட்டான். ரோட்டுல பஸ்ஸு நின்னுட்டு. அங்கன ஹார்பர்ல இருந்து ஒரு ரஷ்யாக் கப்பல் அப்பதான் கிளம்பிப் போகுது. அதுவும் நின்னுட்டு!”

“கப்பல் எதுக்குண்ணே நிக்கி?” இது இசக்கிராஜா.

“பொறுல. கேப்டன் படகுல ஏறிக் கரைக்கு வந்து, நேரா இந்த கிரவுண்டுக்கு வந்தான். தொப்பியக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு, ‘ஐயா, நான் என்ன தப்புப் பண்ணினேன்?’னு கேக்கான். மாஸ்டர் அவன ஒரு பார்வை பாத்துட்டு, ‘டிராவலிங்’னு சொன்னாவ. அவனும் தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போயி, கப்பல கிளம்பின எடத்துக்கே திருப்பிக் கொண்டு போயி, முதல்ல இருந்து எடுத்தான்.”

கூட்டம் சிரிச்சது. தயானந்த் சார் லேப்டாப்ல எதையோ அடிக்கப் போனவர் விரலை எடுத்துட்டார்.

ராஜபுஷ்பம் டீச்சர் கண்ணாடியைச் சரி பண்ணினாங்க. “லாசர், கப்பல் எஞ்சின் போடுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் பேசுறதே கேக்காது. விசில் எப்படிக் கேக்கும்?”

“ரஷ்யாக்காரனுக்குக் காது கூர்மை டீச்சர்.”

“கேப்டன் என்ன பாஷையில பேசினான்?”

“அழுதுக்கிட்டே பேசினான். அழுகைக்கு ஏது டீச்சர் பாஷை?”

“சார், இது பொய். நீங்க எழுதாதீங்க”ன்னு டீச்சர் தயானந்த் பக்கம் திரும்பிச் சொல்லிட்டாங்க. லாசர் அண்ணனுக்கு முகம் சுண்டிப் போச்சு. ஆனா நிக்கிற ஆளா அவர்?

“சரி, விசில விடுங்க. ஆள உருவாக்குறதப் பத்திச் சொல்லுதேன். குட்டி மிக்கேல்னு ஒரு பையன். இந்தா, என் இடுப்பு உசரம்தான் இருப்பான். மத்த கோச்செல்லாம் ‘போயி கேரம் ஆடுல’ன்னு விரட்டி விட்டுட்டாவ. மாஸ்டர் அவனத் தூக்கி ரிங்குல தொங்க விட்டாவ. காலையில தொங்குவான், சாயங்காலம் தொங்குவான். மொத மாசம் கால் தரைக்கு எட்டுச்சு. ரெண்டாம் மாசம் முழங்கால் தரையில இடிக்கி. ரிங்க ஒசத்திக் கட்டினோம். அவனும் ஒசந்தான். கடைசில என்னாச்சு தெரியுமா? அவன் அம்மைக்கு எட்டல. சோத்தப் பிசைஞ்சு மாடி வீட்டுக்காரம்மாட்டக் குடுத்து, ‘யக்கா, ஜன்னல் வழியா பயலுக்கு ஊட்டி விடுங்களேன்’னு கெஞ்சுவா!”

இசக்கிராஜா தரையில உக்காந்துட்டான். “முடி வெட்டுறது எப்படிண்ணே?”

“தீயணைப்பு வண்டி வரும். ஏணிய நீட்டி, அதுல நாற்காலி போட்டு வெட்டுவாவ. ஒரு தடவ ஏணி மேல இருக்கும்போது எங்கயோ தீப்பிடிச்சிட்டுன்னு வண்டி கிளம்பிட்டு. பாதிக் கிராப்போட ரெண்டு மேட்ச் ஆடினான் பாவம்.”

“அந்த மிக்கேல் இப்ப எங்கே?”ன்னு தயானந்த் சார் கேட்டார். தெரியாத்தனமா ஆர்வம் வந்துருச்சு.

“அத ஏன் கேக்கிய? லைட் ஹவுஸ்ல பல்பு மாட்ட ஆளு எடுத்தாவ. ஏணி வேண்டாம்னுட்டு போயிட்டான்.”

“மிக்கேல் பெட்ரோல் பங்க்ல இருக்கான்”னு டீச்சர் சொன்னாங்க. “ஆறடிகூட இல்ல. நேத்துதான் என் ஸ்கூட்டருக்கு அவன் பெட்ரோல் போட்டான்.”

“அவன் தம்பிய நீங்க பாத்திருப்பிய டீச்சர்.”

“அவனுக்குத் தம்பி கிடையாது.”

“அதான் டீச்சர், அவ்வளவு தூரம் குனிஞ்சு பெட்ரோல் போட்டிருக்கான். மாஸ்டர் குடுத்த பணிவு!”

டீச்சர் தலையில கையை வச்சாங்க. தயானந்த் சார் வாட்சைப் பாத்தார். நான் லாசர் அண்ணன் வேட்டியைப் பிடிச்சு இழுத்தேன். ‘போதும்ணே, காரியம் கெட்டுப் போயிரும்’னு காதுல சொன்னேன். “நீ சும்மா கெட, செயலாளரே. சார் இப்பதான் சூடு பிடிச்சிருக்காவ”ன்னு என் கையைத் தட்டி விட்டார்.

“பயிற்சின்னா என்னன்னு சொல்லுதேன் சார். மெட்ராஸுக்கு மேட்ச் ஆடப் போறோம். ராத்திரி ரயிலு. மாஸ்டருக்கு ஒரு நாள் பிராக்டீஸ் விட்டாப் பிடிக்காது. ‘எந்திரிங்கல, பந்தத் தட்டுங்கல’ன்னாவ. பன்னெண்டு பயலும் ஒரே பெட்டியில நின்னு தட்டுதான். தப், தப், தப். எல்லாம் ஒரே தாளம். கோவில்பட்டி தாண்டும்போது பெட்டி லேசாக் குதிச்சுது. சாத்தூர்ல நல்லாவே குதிச்சுது. அதப் பாத்து முன்பெட்டி, பின்பெட்டி எல்லாம் குதிக்க ஆரம்பிச்சிட்டு. விருதுநகர்ல ரயிலு தரையிலயே படல சார்! அப்படியே ஸ்டேஷனுக்கு மேல போயிட்டு. கீழ வடை விக்கிறவன் அண்ணாந்து பாத்துக்கிட்டு ‘வடை, வடை’ங்கான்.”

“விருதுநகர்ல இறங்க வேண்டியவங்க?” தயானந்த் சாரேதான் கேட்டார்.

“மதுரையில தரை தட்டும்போது இறங்கி, நடந்து வந்தாவ. ஒருத்தராவது கோவிச்சிருக்கணுமே? ‘மாஸ்டர் பிராக்டீஸ்னா பரவால்ல’ன்னுட்டாவ. அவ்வளவு மரியாத!”

இந்தத் தடவை டீச்சர்கூட வாயைப் பொத்திக்கிட்டாங்க. ஆனா உடனே முகத்தைக் கடுமையாக்கிட்டு, “நான் அந்த ரயில்ல இருந்தேன் சார். ரயில் லேட்டாத்தான் போச்சு. பந்தைத் தட்டினது ஒரு பையன். டி.டி.ஆர். திட்டினதும் நிறுத்திட்டான். மாஸ்டர் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டார். அவ்வளவுதான் நடந்தது”ன்னாங்க.

தயானந்த் சார் இப்ப டீச்சரை வேற மாதிரிப் பாத்தார். இந்தக் கொட்டகையில உண்மை பேசுற ஒரே ஆளைக் கண்டுபிடிச்சுட்ட ஆறுதல் அவர் முகத்துல தெரிஞ்சது. நாற்காலியை டீச்சர் பக்கம் லேசாத் திருப்பிப் போட்டுக்கிட்டார். லாசர் அண்ணன் இதைப் பாத்துட்டார். கூட்டம் கையை விட்டுப் போகுதுன்னு அவருக்குத் தெரிஞ்சா குரல் ஏறிரும். ஏறிருச்சு.

“புயல் அடிச்ச வருஷம்! அதுக்கு என்ன சொல்லுதிய டீச்சர்? நீங்களும் இருந்திய, நானும் இருந்தேன். கிரவுண்டு திறந்த வெளி. காத்துன்னா காத்து, ரிங்கு வட்டமா இருந்தது சப்பட்டையாயிட்டு. பந்த மேல போட்டா திருச்செந்தூர் பக்கம் போகுது. ரெஃப்ரி தூணக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு, விசில் மட்டும் தனியா ஊதிக்கிட்டுப் பறக்குது. நம்ம பசங்க களைச்சிட்டானுவ. மாஸ்டர் எந்திரிச்சாவ. இந்தா, இப்படி ஒரு கைய விரிச்சு, இன்னொரு கை விரல அதுக்கு அடியில வச்சாவ. டைம் அவுட்டு!”

லாசர் அண்ணன் கையால இங்கிலீஷ் ‘டி’ போட்டுக் காட்டிட்டு அப்படியே நின்னார். நாங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம்.

“காத்து நின்னுட்டு சார். மழை பாதியில நின்னுட்டு. நம்ம பசங்க தண்ணி குடிச்சானுவ. புயலு அந்தா, கடலுக்கு மேல இடுப்புல கைய வச்சிக்கிட்டு மூச்சு வாங்கிட்டு நிக்கி. ஏன்? டைம் அவுட்டுன்னா எல்லாருக்கும்தானே? நீங்க வேணும்னா அன்னைக்கு ரேடியோ கேட்டவங்ககிட்டக் கேளுங்க. ‘புயல் தூத்துக்குடிக்குக் கிழக்கே நிலைகொண்டுள்ளது’ன்னு சொன்னான்லா? எதுக்கு நிலைகொண்டது? அதுக்குக் காரணம் சொன்னானா? சொல்ல மாட்டான்!”

கொட்டகை அதிர்ந்தது. இசக்கிராஜா தவிலை எடுத்து ஒரு அடி அடிச்சுட்டான். தயானந்த் சாருக்குக் குடிச்ச டீ மூக்குல ஏறி, கொஞ்ச நேரம் இருமிக்கிட்டே இருந்தார். சட்டையில டீக்கறை. அதைத் துடைச்சுக்கிட்டே கேட்டார். “சரிங்க. இவ்வளவு பெரிய ஆள், ஏன் ஒரு கப்கூட ஜெயிக்கலை?”

நாங்க பயந்துக்கிட்டு இருந்த கேள்வியே இதுதான். லாசர் அண்ணன் மட்டும் இதுக்காகவே பிறந்தவர் மாதிரி மெதுவா வந்து, சார் தோள்ல கையை வச்சார்.

“யாரு தம்பி ஜெயிக்கலைன்னு சொன்னது? ஃபைனல். கடைசி நொடி. ஒரு பாயிண்ட் பின்னாடி இருக்கோம். மாஸ்டர் சொல்லிக் குடுத்த முறையில நம்ம பையன் பந்த மேல போட்டான். போச்சு. ரிங்குக்கு மேல போச்சு. லைட்டுக்கு மேல போச்சு. அண்ணாந்து பாத்தோம், காக்கா அளவு தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் தெரியல. பந்து கையில இருந்து கிளம்பிட்டா, அதுக்கப்புறம் மணி அடிச்சாலும் ரிங்குல விழுந்தா கணக்குல உண்டு. அது சட்டம். ரெஃப்ரியும் நாங்களும் காத்துக்கிட்டே இருந்தோம். விடிஞ்சிட்டு. லீக் நடத்துறவன் என்ன செய்வான்? கப்ப அந்த டீம்கிட்ட ‘இப்போதைக்கு வச்சிருங்க’ன்னு குடுத்திருக்கான். பந்து இன்னும் கீழ வரல தம்பி. ரிசல்ட்டே வராத மேட்ச்ச வச்சிக்கிட்டு எங்க மாஸ்டரத் தோத்தவருன்னு சொல்லுதியளே, நியாயமா?”

சார் சிரிக்கல. லேப்டாப்பை மூடிட்டார்.

“நீங்க எல்லாரும் அவர் மேல பாசமா இருக்கீங்க. புரியுது. ஆனா ஓனர்கிட்ட நான் என்னன்னு சொல்றது? புயலை நிறுத்தினார்னா? ஒரு உண்மை, ஒரே ஒரு உண்மை சொல்லுங்க. டீச்சர், நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் எழுதிக்கிறேன்.”

டீச்சர் எந்திரிச்சு நின்னாங்க. லாசர் அண்ணனைப் பாத்து, “உன் வாயால காரியம் கெட்டுப் போச்சு. இனியாவது சும்மா இரு”ன்னாங்க. அவரும் சும்மா உக்காந்துட்டார்.

“சார், நான் பாத்ததைச் சொல்றேன். திருச்சி மலைக்கோட்டை டீமோட இங்கே செமி ஃபைனல். பாதி ஆட்டம் முடிஞ்சப்ப நாம முன்னாடி இருந்தோம். அந்த நேரம் அவங்க கோச்சுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பிழைச்சுக்கிட்டார், நல்லா இருக்கார். ஆனா அன்னைக்கு அந்தப் பசங்க திருவிழாக் கூட்டத்துல அம்மாவைத் தொலைச்ச பிள்ளைங்க மாதிரி முழிச்சுட்டு நின்னாங்க. ரெண்டு பேர் அழுதுட்டாங்க. நம்ம மாஸ்டர் என்ன செஞ்சார் தெரியுமா? நம்ம பசங்களை உதவிக் கோச்கிட்ட ஒப்படைச்சுட்டு, கிரவுண்டைக் குறுக்கே நடந்துபோய் அவங்க பெஞ்சுல உக்காந்துட்டார். மீதி ஆட்டம் முழுக்க அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தார். நம்ம கிரவுண்டுல எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டினோம். தட்டின தட்டுல என் வளையல் உடைஞ்சு போச்சு. அந்த மாதிரி மனுஷன் சார் அவர்.”

இது சத்தியமா நடந்தது. நானும் இருந்தேன். சொல்லி முடிச்சப்ப டீச்சர் கண் கலங்கியிருந்தது. எங்க எல்லாருக்கும்தான். இதைக் கேட்டா கல்லும் கரையும்னு நினைச்சோம்.

தயானந்த் சார் கேட்டார். “மேட்ச் என்ன ஆச்சு?”

டீச்சர் கொஞ்சம் தயங்கினாங்க. “ஒரு பாயிண்ட்ல தோத்துட்டோம்.”

“செமி ஃபைனல். நம்ம கோச், எதிர் டீமுக்குச் சொல்லிக் குடுத்து, நம்மளைத் தோற்கடிச்சிருக்கார்.”

“அப்படி இல்ல சார்...”

“டீச்சர், அவர் சொன்ன ரயில் கதை, கப்பல் கதை இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இதைப் போய் ஓனர்கிட்டச் சொன்னேன்னு வைங்க, சாயங்காலம் வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டார். இப்பவே லெட்டர் அடிச்சிருவார்.” சொல்லிட்டு சார் பாக்கெட்ல இருந்து போனை எடுத்தார். கோபமா இல்ல. வருத்தமாத்தான் எடுத்தார். அதுதான் பயமா இருந்தது.

டீச்சர் முகம் வெளிறிப் போச்சு. லாசர் அண்ணன் சொன்ன பொய்யெல்லாம் மாஸ்டர் மேல ஒட்டாமப் போயிருச்சு. இவங்க சொன்ன ஒரு உண்மை அவர் வேலைக்கே உலை வச்சிருச்சு. அவங்க சேலைத் தலைப்பைக் கையில சுருட்டிச் சுருட்டிப் பிரிச்சாங்க. கரும்பலகையில ஒரு கணக்கைப் போட்டுட்டு விடை தப்பா வந்தா ஒரு டீச்சர் எப்படி நிப்பாங்களோ, அப்படி நின்னாங்க.

அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டாங்க.

“சார், போனை வைங்க. நான் இன்னும் முடிக்கலை.”

சார் போனைக் காதுல இருந்து எடுத்தார்.

“அதுக்கு அடுத்த வருஷம். அதே மலைக்கோட்டை டீம், திருச்சியில மேட்ச். கடைசி ரெண்டு நிமிஷம். நாம பத்தொன்பது பாயிண்ட் பின்னாடி. மாஸ்டர் டைம் அவுட் கேட்டார். நம்ம பசங்க சுத்தி வந்து நின்னாங்க. மாஸ்டர் ஒரு வார்த்தை பேசல. மெதுவாத் திரும்பி எதிர் பெஞ்சைப் பாத்தார். அவ்வளவுதான். அந்தப் பசங்களுக்குப் போன வருஷம் ஞாபகம் வந்துருச்சு. ஆட்டம் ஆரம்பிச்சதும் பந்தை எடுத்தாங்க. நேரா ஓடிப்போய் அவங்க கூடையிலயே போட்டாங்க. நமக்கு ரெண்டு பாயிண்ட். திரும்ப எடுத்தாங்க, திரும்ப அவங்க கூடையிலயே போட்டாங்க. பத்து கூடை சார். இருபது பாயிண்ட். ஒரு பாயிண்ட் வித்தியாசத்துல நாம ஜெயிச்சோம்.”

இசக்கிராஜா வாயைத் திறந்தவன் மூடவே இல்லை. லாசர் அண்ணன் பயந்துபோய் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். “ஏல, டீச்சருக்கு உடம்புக்கு ஏதும் செய்யுதோ?”

தயானந்த் சார் நெத்தியைச் சுருக்கினார். “டீச்சர், எனக்கும் ஆட்டம் கொஞ்சம் தெரியும். சொந்தக் கூடையில வேணும்னே போட்டா பாயிண்ட் கிடையாதே? தெரியாம விழுந்தாத்தான் கணக்கு.”

டீச்சர் கண்ணைக்கூட இமைக்கலை. “வேணும்னு எங்கே போட்டாங்க? நன்றியில அழுதுக்கிட்டே ஓடினாங்க. கண்ணு பூரா தண்ணி. எந்தக் கூடைன்னு அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“நீங்க நேர்ல பாத்தீங்களா?”

“அன்னைக்கு ஸ்கோர் போர்டுல நம்பரைத் திருப்பினதே நான்தான். கை வலிச்சுப் போச்சு.”

சார் டீச்சரைப் பாத்தார். விசிலைப் பொய்னு சொன்ன வாய். மிக்கேல் உயரத்தைச் சரியாச் சொன்ன வாய். ரயில் லேட்டுன்னு சொன்ன வாய். மெதுவா லேப்டாப்பைத் திறந்தார். அந்த நேரம் பாத்து, கொட்டகை வாசல்ல நிழல் விழுந்தது. தோள்ல பந்து நிரப்பின வலைப்பையோட அருமைநாயகம் மாஸ்டர் நின்னுக்கிட்டு இருந்தார். சாயங்காலப் பயிற்சிக்கு வந்திருக்கார்.

“என்ன கூட்டம்?”னு கேட்டார்.

உலகத்துல யார்கிட்ட வேணும்னாலும் டீச்சர் சொன்னதைக் கேட்கலாம். இந்த மனுஷன்கிட்ட மட்டும் கேட்கக் கூடாது. டீச்சர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நாப்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லாதேன்னு சொல்லிக் குடுத்தவங்க, முதல் தடவையா ஒண்ணு சொல்லி, உடனே மாட்டிக்கிட்டு நின்னாங்க.

தயானந்த் சார் எந்திரிச்சு மாஸ்டர் பக்கத்துல போனார். “சார், நான் கம்பெனியில இருந்து வர்றேன். ஒரே ஒரு கேள்வி. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. திருச்சியில மலைக்கோட்டை டீம் பசங்க, நீங்க செஞ்ச உதவியை நினைச்சு அழுதுக்கிட்டே அவங்க கூடையில அவங்களே பத்துத் தடவை போட்டு, உங்களை ஜெயிக்க வச்சாங்கன்னு டீச்சர் சொல்றாங்க. உண்மையா?”

மாஸ்டர் வலைப்பையைக் கீழே இறக்கி வச்சார். டீச்சரைப் பாத்தார். குனிஞ்ச தலை, கையில சுருட்டின சேலைத் தலைப்பு. அப்புறம் லாசர் அண்ணனை, என்னை, இசக்கிராஜாவை, பின்னால நின்ன எல்லாரையும் ஒவ்வொருத்தராப் பாத்தார். ஒரு ஆட்டத்துல கடைசி நிமிஷத்துல யாரை இறக்குறதுன்னு யோசிக்கும்போது அவர் பெஞ்சைப் பாக்குற பார்வை அது. வலது கை மெதுவா மேல ஏற ஆரம்பிச்சது. போச்சு, ஃபவுல் ஒத்துக்கப் போறார்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

கை பாதி வழியில போய் மூக்கைச் சொறிஞ்சது.

“பத்து இல்லை. டீச்சர் தப்பாச் சொல்றாங்க”ன்னார் மாஸ்டர். “பதினொண்ணு. கடைசியாப் போட்ட பையன் மட்டும் அழல. அதனால வேணும்னே போட்டான்னு ரெஃப்ரி அதைக் குடுக்கலை.”

சொல்லிட்டுப் பையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு கிரவுண்டுக்குப் போயிட்டார். நாலு எட்டு வச்சுத் திரும்பி, “இன்னைக்கு வரைக்கும் அதுல எனக்கு வருத்தம்தான்”னு சேத்துக்கிட்டார்.

தயானந்த் சார் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் ஓனருக்குப் போன் போட்டார். என்ன பேசினார்னு முழுசாக் கேக்கலை. “சார், எதிர் டீம்காரனே இவருக்காகக் கூடை போடுறான் சார்”ங்கிறது மட்டும் காத்துல வந்தது. திரும்பி வந்து, மாஸ்டர் இன்னும் ரெண்டு வருஷம் கோச்சா இருப்பார்னு சொன்னார். இசக்கிராஜா தவிலை எடுத்து வெளுத்து வாங்கினான். டீச்சர் பெஞ்சுல உக்காந்து ஒரு சொம்புத் தண்ணியை மூச்சு விடாமக் குடிச்சாங்க.

லாசர் அண்ணன் மட்டும் கொண்டாட்டத்துல சேரலை. ஒரு மூலையில நின்னுக்கிட்டு இருந்தார். சட்டையில குத்தியிருந்த தலைவர் பேட்ஜைக் கழட்டினார். என்கிட்ட வந்து கையில குடுத்தார்.

“தலைவர் பதவிய டீச்சருக்குக் குடுத்துரு. மாஸ்டர துணைத் தலைவராப் போட்ரு. இந்தக் கூட்டத்துல நான் சும்மா உறுப்பினரா இருந்துக்கிடுதேன்.”